ஸ்கேனர் கணக்கின் கடவுச்சொல்: ஒரு மெயில் சர்வர் நிகழ்வு ஆய்வு

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு முதல் தொலைபேசி அழைப்பு வந்தது. முந்தைய இரவு அனுப்பிய அறிக்கை இன்னும் போய்ச் சேரவில்லை என்று ஒரு களப்பணியாளர் சொன்னார். ஒன்பது மணிக்குள் அதே புகாருடன் இன்னும் நான்கு பேர் அழைத்துவிட்டார்கள். சர்வருக்குள் நுழைந்து அஞ்சல் வரிசையைப் பட்டியலிடச் சொன்னேன். திரை நிற்காமல் ஓடியது. அந்த நேரத்தில் வழக்கமாகப் பத்துப் பதினைந்து அஞ்சல்கள் காத்திருக்கும்; அன்று 11,000க்கும் மேல் இருந்தன. திரையில் ஓடிய அனுப்புநர் முகவரிகளில் எங்கள் டொமைனைச் சேர்ந்தது ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

நிறுவனத்தில் ஏறத்தாழ 60 பேர். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் மாதத்துக்கு ஒருமுறைகூட அலுவலகத்துக்கு வராதவர்கள்: களத்தில் இருப்பவர்கள், வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள், வாரம் முழுக்கப் பயணத்தில் இருப்பவர்கள். சர்வர் சொந்த சர்வர். லினக்ஸில் அஞ்சலைக் கொண்டுசெல்ல போஸ்ட்ஃபிக்ஸ், அஞ்சல் பெட்டிகளைக் கொடுக்க டவ்காட். பல ஆண்டுகளாகப் பெரிய பிரச்சினை இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த அமைப்பு. எனக்கு முன் இருவர் அதைப் பராமரித்திருந்தார்கள். அவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். நான் கண்ட ஓட்டைகள் ஒவ்வொன்றும், வெளியூரில் தவித்துக்கொண்டிருந்த யாரோ ஒருவருக்கு உதவுவதற்காகத் திறக்கப்பட்டவை.

முதல் ஒரு மணி நேரம்

இப்படி ஒரு வரிசையைப் பார்த்தவுடன் சர்வரையே நிறுத்திவிடத்தான் கை போகும். அப்படிச் செய்தால் உள்ளே வரவேண்டிய அஞ்சலும் நின்றுவிடும். வெளியே போகும் போக்குவரத்தை மட்டும் ஒத்திவைக்க போஸ்ட்ஃபிக்ஸில் ஒரு வரி போதும். அதைச் செய்தேன். உள்ளே வரும் அஞ்சல்கள் பெட்டிகளில் விழுந்துகொண்டிருந்தன. வெளியே ஒன்றும் போகவில்லை. அதன் பிறகுதான் பதிவுக் கோப்பைத் திறந்தேன்.

முதலில் எழுந்த சந்தேகம் திறந்த ரிலே. யாரிடமிருந்து வந்தாலும் எங்கே போக வேண்டியிருந்தாலும் அஞ்சலை வாங்கி அனுப்பிவைக்கும் சர்வரைத்தான் அப்படிச் சொல்கிறோம். 1982இல், அஞ்சலைக் கடத்தும் எஸ்எம்டிபி நெறிமுறை எழுதப்பட்ட காலத்தில் அது நல்ல அண்டை வீட்டுக்காரரின் பண்பு. ஸ்பேம் பெருகியபின் அதுவே ஆபத்தானது. 1998இல் வந்த சென்ட்மெயில் 8.9 என்ற அஞ்சல் சர்வர் மென்பொருள், ரிலேயை இயல்பாகவே மூடிவைத்து வெளியானது. எங்கள் அமைப்புக் கோப்பில் ‘மைநெட்வொர்க்ஸ்’ வரியைப் பார்த்தேன். இந்தப் பட்டியலில் உள்ள முகவரிகளிலிருந்து வருபவர்களிடம் கடவுச்சொல் கேட்கப்படாது. அலுவலக நெட்வொர்க்குக்குப் பக்கத்தில், ஓர் இணையச் சேவை நிறுவனத்தின் முகவரித் தொகுதி முழுவதுமாக, சாய்கோடு 16 என்ற அளவில் சேர்க்கப்பட்டிருந்தது. அதாவது 65,536 முகவரிகள். மேலே ‘தற்காலிகம்’ என்று ஒரு குறிப்பு. கோப்பின் மாற்ற வரலாற்றைப் பார்த்தால் அந்த வரிக்கு ஏழு வயது.

கண்டுபிடித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஸ்பேம் அந்த வழியாக வரவில்லை. பதிவில் ஒவ்வொரு குப்பை அஞ்சலுக்கும் எதிரே, முறைப்படி உள்நுழைந்த ஒரு பயனரின் பெயர் இருந்தது: ஸ்கேனர்.

தாள்களைப் படமெடுத்து மின்னஞ்சலாக அனுப்பும் அலுவலக இயந்திரத்துக்காக என்றோ உருவாக்கிய கணக்கு அது. பயனர்பெயரும் கடவுச்சொல்லும் ஒன்றே. இயந்திரத்தின் சிறிய பொத்தான்களில் தட்டச்சு செய்வது கடினம் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். கணக்கைப் பூட்டினேன். குப்பை நிற்கவில்லை.

இந்த இடத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பலர் இங்கே தடுமாறுகிறார்கள். எஸ்எம்டிபியில் கடவுச்சொல் ஓர் இணைப்பின் தொடக்கத்தில் ஒருமுறைதான் சரிபார்க்கப்படுகிறது. ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட இணைப்பு, கணக்கு பூட்டப்பட்டது தெரியாமல் அஞ்சல்களைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அமைப்பை மறுபடி படிக்கச் சொல்வதும் போதாது. பழைய இணைப்புகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் செயல்கள் தங்கள் வேலையை முடித்துவிட்டுத்தான் போகும். முழுமையாக நிறுத்தித் தொடங்க வேண்டும். டவ்காட்டில் கடவுச்சொல் நினைவகம் இயக்கத்தில் இருந்தால் அதையும் காலி செய்ய வேண்டும். இரண்டையும் செய்த பிறகே வரிசையின் எண்ணிக்கை அசையாமல் நின்றது.

அடுத்தது வரிசையைச் சுத்தம் செய்வது. எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். அந்த 11,000க்குள் எங்கள் ஆட்கள் வார இறுதியில் எழுதிய உண்மையான கடிதங்களும் சிக்கியிருந்தன. பதிவுக் கோப்பில் ஸ்கேனர் பெயரோடு வந்த அஞ்சல்களின் வரிசை எண்களை மட்டும் பிரித்தெடுத்து அவற்றை அழித்தேன். அவற்றுக்குத் திரும்பி வந்த ‘சேர்க்க முடியவில்லை’ அறிவிப்புகளையும் அழித்தேன். அவை போகவிருந்தது போலி அனுப்புநராகப் பெயர் பயன்படுத்தப்பட்ட அப்பாவிகளின் பெட்டிகளுக்கு. எஞ்சியவை 31 கடிதங்கள். அவற்றில் ஒன்று ஒரு ஊழியரின் மருத்துவ விடுப்பு விண்ணப்பம். அதை ஒரே கட்டளையில் அழித்திருக்கலாம் என்ற நினைப்பே எனக்குச் சங்கடமாக இருந்தது.

சர்வரின் ஐபி முகவரி, ஸ்பேம் வரும் முகவரிகளைத் தொகுக்கும் இரண்டு தடைப்பட்டியல்களில் ஏறியிருந்தது. நீக்கச் சொல்லி உடனே விண்ணப்பிக்கவில்லை. காரணத்தைச் சரிசெய்யாமல் நீக்கக் கேட்டு, மறுபடியும் பட்டியலில் ஏறினால் அடுத்த முறை வெளியே வருவது இன்னும் கடினமாகும். மின்னஞ்சலே இயங்காதபோது மின்னஞ்சலில் அறிவிக்க முடியாது என்பதால், குழுத் தலைவர்களைத் தொலைபேசியில் அழைத்து என்ன நடந்தது, எப்போது சரியாகும் என்று ஒளிக்காமல் சொன்னோம்.

இந்த நிலைக்கு எப்படி வந்தோம்

பழைய பதிவுகளைத் தோண்டியபோது வரலாறு தெளிவாகத் தெரிந்தது.

தொடக்கத்தில் எல்லோரும் ஒரே கட்டடத்தில் இருந்தார்கள். உள் நெட்வொர்க்கில் இருப்பவரை நம்பு, மற்றவரை நம்பாதே என்ற விதி போதுமானதாக இருந்தது. பிறகு ஒருவர் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கினார். அவருக்கு ‘ரிலே மறுக்கப்பட்டது’ என்ற 554 பிழை வந்தது. அவருடைய ஐபி முகவரி நாளுக்கு நாள் மாறியதால், அவருடைய இணையச் சேவை நிறுவனத்தின் தொகுதியையே நம்பிக்கைப் பட்டியலில் போட்டார்கள். அந்த ‘தற்காலிகம்’ இதுதான். அந்த வரியை நீக்குவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று விசாரித்தேன். அவர் ஓய்வுபெற்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அடுத்த சிக்கல் வேறு வகை. ஸ்பேமைக் குறைப்பதற்காக, பல இணையச் சேவை நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளிலிருந்து 25ஆம் போர்ட் (சர்வர்கள் தங்களுக்குள் அஞ்சல் பரிமாறும் எண்ணிட்ட வாசல்) வழியாக வெளியே போவதைத் தடுத்துவிடுகின்றன. அது நியாயமான தடை. அதைத் தாண்ட, எங்கள் சர்வரில் கடவுச்சொல் உள்நுழைவை இயக்கி, 587ஆம் போர்ட்டையும் திறந்தார்கள். திசை சரியானது. ஆனால் 587க்கென்று தனி விதிகள் எழுதவில்லை. 25இன் விதிகளையே நகலெடுத்தார்கள். உள்நுழைவு 25லும் இயங்கியது. கடவுச்சொற்களைச் சரிபார்த்தது லினக்ஸின் கணக்குப் பட்டியல். அந்தப் பட்டியலில் யார் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று அன்று ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அலுவலகச் சுவர்களுக்குள் இருந்தவரை ஸ்கேனர் கணக்கு ஒரு பெயர்ச்சீட்டு மட்டுமே. இருபது பேர் வெளியிலிருந்து வருவதற்காகக் கதவைத் திறந்த அன்று, அதுவும் உலகின் எந்த மூலையிலிருந்தும் செல்லுபடியாகும் சாவி ஆகிவிட்டது. வீட்டிலிருந்து வேலை செய்த எவரும் எந்தத் தவறும் செய்யவில்லை. உடைந்தது அலுவலகத்தின் மூலையில் நின்றிருந்த இயந்திரத்தின் கணக்கு.

தாக்கியவர்களின் பொறுமையையும் பதிவுகள் காட்டின. பல வாரங்களாக, ஒவ்வொரு முகவரியிலிருந்தும் ஒன்றிரண்டு முயற்சிகள் மட்டும்: இன்ஃபோ, டெஸ்ட், அட்மின், சேல்ஸ், ஸ்கேனர். ஒரே முகவரியிலிருந்து ஐந்து தவறுகள் நேர்ந்தால் தடுக்கும் ஃபெயில்2பேன் இதைப் பார்க்கவே இல்லை. சரியான கடவுச்சொல் கிடைத்ததும் ஒரே ஒரு சோதனை அஞ்சல் அனுப்பியிருக்கிறார்கள். பிறகு ஆறு வாரம் அமைதி. ஆள் இல்லாத சனிக்கிழமை இரவில் வெள்ளம் தொடங்கியது.

இரண்டு கதவுகள்

மறுசீரமைப்பின் அடிப்படை மிக எளியது. மெயில் சர்வருக்கு இருவகை விருந்தாளிகள் வருகிறார்கள். ஒன்று, எங்கள் ஆட்களுக்கு அஞ்சல் கொண்டுவரும் பிற சர்வர்கள். மற்றொன்று, உலகுக்கு அஞ்சல் அனுப்ப வரும் எங்கள் ஆட்கள். இருவரும் ஒரே வாசலில் நின்றால் இருவருக்கும் பொருந்தும் விதி என்று ஒன்று எழுத முடியாது. 1998 டிசம்பரில் வெளியான ஆர்எஃப்சி 2476 என்ற இணைய நெறிமுறை ஆவணம் இதற்காகத்தான் 587ஆம் போர்ட்டை ஒதுக்கியது; 2011இல் வந்த ஆர்எஃப்சி 6409 அதன் இன்றைய வடிவம். இத்தனை ஆண்டுகளாகியும் இரண்டையும் கலந்து வைத்திருக்கும் சர்வர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

25ஆம் போர்ட்டில் கடவுச்சொல் உள்நுழைவை முழுவதுமாக அணைத்தேன். அங்கே வருபவர் எங்கள் டொமைனுக்கு உள்ளே மட்டுமே அஞ்சல் போடலாம். நம்பிக்கைப் பட்டியலில் சர்வரின் சொந்த உள் முகவரி மட்டும் மிஞ்சியது. அலுவலக நெட்வொர்க்கையும் எடுத்துவிட்டேன். இதற்கு எதிர்ப்பு வந்தது. ‘அலுவலகத்துக்குள் இருப்பவரிடமும் கடவுச்சொல் கேட்பதா?’ என்றார்கள். ஆமாம், கேட்கத்தான் வேண்டும். அலுவலகத்தில் ஒரு கணினிக்கு வைரஸ் தொற்றினால் அதுவும் ‘உள்ளே இருப்பவர்’தான். மேலும் ஒரே மடிக்கணினி காலையில் அலுவலகத்திலும் மாலையில் ரயிலிலும் இருக்கும்போது, இடத்தைப் பொறுத்து விதி மாறினால் பயனருக்கு ஒவ்வொரு நாளும் ஒரு குழப்பம். எங்கிருந்தாலும் ஒரே அமைப்பு என்றானதும் உதவி கேட்டு வரும் அழைப்புகளே குறைந்தன.

பயனர்களுக்கு 465, 587 என்று இரண்டு போர்ட்டுகள். 465இன் கதை விசித்திரமானது. 1997இல் மறையாக்கம் செய்த எஸ்எம்டிபிக்காக ஒதுக்கப்பட்டு, அடுத்த ஆண்டே அந்த ஒதுக்கீடு திரும்பப் பெறப்பட்டது. ஆனாலும் மென்பொருள்கள் அதை விடவில்லை. கடைசியில் 2018 ஜனவரியில் ஆர்எஃப்சி 8314 அதை முறையாக அங்கீகரித்ததோடு, முதல் பைட்டிலிருந்தே மறையாக்கம் இருக்கும் இந்த முறையையே பரிந்துரைத்தது. 587இல் பேச்சு வெற்றுரையாகத் தொடங்கி, ‘ஸ்டார்ட்டிஎல்எஸ்’ என்ற கட்டளைக்குப் பிறகே மறையாக்கத்துக்கு மாறுகிறது. அந்த இடைவெளியில்தான் ஆபத்து இருக்கிறது. அதை நேரில் பார்க்கும் வாய்ப்பும் எனக்குக் கிடைத்தது.

புதிய அமைப்பு வந்த இரண்டாவது வாரம், மூத்த களப்பணியாளர் ஒருவர் விடுதியிலிருந்து அழைத்தார்.

“தம்பி, போன மாதம் இதே விடுதியிலிருந்து அஞ்சல் போனது. இப்போது போகவில்லை. ஏதோ 530 என்று வருகிறது.”

“அம்மா, அஞ்சல் அனுப்பும் அமைப்பில் ‘இணைப்புப் பாதுகாப்பு’ என்று ஓர் இடம் இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள்.”

“‘இருந்தால் டிஎல்எஸ்’ என்று இருக்கிறது.”

அந்த இரண்டு சொற்களில் எல்லாம் அடங்கிவிட்டது. டிஎல்எஸ் என்பது இணைப்பை மறையாக்கும் முறை. அந்த விடுதியின் நெட்வொர்க், எங்கள் சர்வர் சொன்ன ‘ஸ்டார்ட்டிஎல்எஸ் உண்டு’ என்ற வரியை வழியிலேயே நீக்கிவிட்டது. அவருடைய பழைய அஞ்சல் நிரல் ‘டிஎல்எஸ் இல்லை போலிருக்கிறது’ என்று எடுத்துக்கொண்டு வெற்றுரையில் பேச முயன்றது. இப்போது மறையாக்கம் கட்டாயம் என்பதால் சர்வர் 530 சொல்லி மறுத்தது. போன மாதம் மறுக்கவில்லை. அதாவது போன மாதம் அவருடைய கடவுச்சொல் அந்த நெட்வொர்க்கில், யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய பேஸ்64 வடிவில் போயிருக்கிறது.

அவரை 465க்கு மாற்றி, பேசிக்கொண்டிருக்கும்போதே கடவுச்சொல்லையும் மாற்றினோம். அன்று உறைத்த பாடம் ஒன்று உண்டு. சர்வரில் டிஎல்எஸ்ஸைக் கட்டாயமாக்கினால் மட்டும் போதாது. நடுவில் நிற்பவர் எங்கள் சர்வர்போல நடித்து ‘கடவுச்சொல்லைக் கொடு’ என்று கேட்டால், ‘இருந்தால் டிஎல்எஸ்’ என்று வைத்திருக்கும் நிரல் கொடுத்துவிடும். எங்கள் சர்வருக்கு அது தெரியவே வராது. ஆகவே பயனரின் பக்கமும் பூட்டப்பட வேண்டும். அடுத்த பத்து நாட்கள் ஒவ்வொரு வெளியூர்ப் பயனரையும் அழைத்து 465க்கு மாற்றினேன். அலுப்பான வேலைதான், ஆனால் ஒருவரையும் விடவில்லை.

சர்வரின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முன்பு சர்வர் தானே கையொப்பமிட்ட சான்றிதழைக் கொடுத்துக்கொண்டிருந்தது; ‘எச்சரிக்கை வந்தால் ஏற்றுக்கொள் என்று அழுத்துங்கள்’ என்று பயனர்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். உண்மையான ஆபத்து வரும் நாளிலும் அதே பொத்தானை அழுத்த அவர்களை நாமே பழக்கியிருக்கிறோம். லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகச் சான்றிதழ் தரும் காலத்தில் இதற்குச் சாக்கு கிடையாது. புதுப்பித்தவுடன் டவ்காட்டுக்கு அமைப்பை மறுபடி படிக்கச் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் தானியங்கி நிரலில் சேர்க்க மறக்கக் கூடாது. இல்லையென்றால் வட்டில் புதிய சான்றிதழ் இருக்க, பயனருக்குக் காலாவதியானது போகும். அஞ்சல் படிக்க 993 மட்டும். வெற்றுரையாகத் தொடங்கும் 110, 143 மூடப்பட்டன. பயனர் போர்ட்டுகளில் டிஎல்எஸ் 1.2க்குக் குறைவாக ஏற்கவில்லை. 25இல் அப்படிக் கண்டிப்பு காட்டவில்லை, ஏனென்றால் அங்கே மறுத்தால் எதிர்த்தரப்பு சர்வர் மறையாக்கமே இல்லாமல் அனுப்பத் தொடங்கிவிடும்.

கடுமை தவறான இடத்தில் விழுந்தால்

பாதுகாப்பைக் கூட்டிய முதல் வாரத்திலேயே வெளியூர்ப் பயனர்கள் மூவர் அனுப்ப முடியாமல் போனது. தவறு முழுவதும் என்னுடையது. தடைப்பட்டியல் சோதனையைப் பொது விதியாக எழுதியிருந்தேன். அது 25க்கும் பொருந்தியது, 587க்கும் பொருந்தியது. தடைப்பட்டியல்களை வெளியிடும் ஸ்பாம்ஹாஸ் அமைப்பின் பிபிஎல் போன்ற பட்டியல்களில் வீட்டு இணைப்பு முகவரிகள் இருப்பது இயல்பு. அவர்கள் குற்றவாளிகள் என்று அதற்குப் பொருளில்லை. அந்த முகவரிகள் பிற சர்வர்களுக்கு நேரடியாக அஞ்சல் போடக் கூடாதவை என்றுதான் பொருள். எங்கள் ஆட்களோ தங்கள் சொந்த சர்வருக்கு முறைப்படி உள்நுழைந்து அனுப்புகிறார்கள். அவர்களை அந்தப் பட்டியலோடு ஒப்பிடுவதே பிழை.

வணக்கம் சொல்லும் பெயரைச் சோதிப்பதிலும் இதே கதைதான். ஒரு சர்வர் ‘ஹெலோ’ என்று தன்னை அறிமுகப்படுத்தும்போது முழுமையான பெயரைச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கலாம். மடிக்கணினி ‘என் லேப்டாப்’ என்ற மாதிரி ஏதாவது சொல்லும். ஐபி முகவரியிலிருந்து பெயரைத் தேடிப் பார்க்கும் தலைகீழ் டிஎன்எஸ் சோதனையிலும் அது தோற்கும். பயனர் போர்ட்டுகளின் விதிகளை மாஸ்டர் அமைப்புக் கோப்பில் தனியாக எழுதினேன்: உள்நுழைந்தவரை அனுமதி, மற்ற எல்லோரையும் மறு. இரண்டே வரி. 25இன் சோதனைகள் எதுவும் அங்கே எட்டிப் பார்க்காது.

இன்னொன்றும் செய்தேன், பலர் இதை யோசிப்பதில்லை. ஒவ்வோர் அஞ்சலின் தலைப்பிலும் ‘ரிசீவ்டு’ வரியில் அனுப்பியவரின் வீட்டு ஐபி முகவரி பதிகிறது. களத்தில் இருப்பவர் இன்று எந்த ஊரில், எந்த நெட்வொர்க்கில் இருக்கிறார் என்பது அவர் கடிதம் எழுதும் ஒவ்வொருவருக்கும் தெரிகிறது. அந்தரங்கம் காக்கும் கடமை எங்களுக்கு உண்டு. பயனர் போர்ட் வழியாக வரும் அஞ்சல்களில் மட்டும் அந்த முதல் வரியை நீக்க விதி எழுதினேன். யார், எங்கிருந்து அனுப்பினார் என்பது எங்கள் பதிவுக் கோப்பில் இருக்கும். விசாரணைக்கு அது போதும்.

எல்லோரையும் விபிஎன் (அலுவலக நெட்வொர்க்குக்குப் போகும் மறையாக்கிய தனிப்பாதை) வழியாக வரச் சொல்லிவிடலாமே என்ற யோசனையும் வந்தது. யோசித்துப் பார்த்து வேண்டாம் என்றேன். கைப்பேசியில் ஒரு பதில் எழுதுவதற்கு முன் விபிஎன்னை இயக்க வேண்டும் என்றால், ஒரு வாரத்துக்குப் பிறகு ஆட்கள் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து அலுவலகக் கடிதம் எழுதத் தொடங்கிவிடுவார்கள். சர்வரை மேலாண்மை செய்யும் வழியை மட்டும் விபிஎன்னுக்குள் வைத்தோம்.

ஆளுக்கு ஒன்றல்ல, கருவிக்கு ஒன்று

கடவுச்சொற்களை லினக்ஸ் கணக்குகளிலிருந்து முழுவதுமாகப் பிரித்துத் தனித் தரவுத்தளத்துக்குக் கொண்டுபோனேன். அஞ்சலைப் படிக்கும் ஐமேப், அனுப்பும் எஸ்எம்டிபி நிரல்கள் பொதுவாக இரண்டடுக்குச் சரிபார்ப்பைக் கேட்டுப் பெறத் தெரியாதவை. அதனால் பயனர் ஒரு வலைப்பக்கத்தில் இரண்டடுக்குச் சரிபார்ப்போடு நுழைந்து, ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கடவுச்சொல் எடுத்துக்கொள்ளும்படி அமைத்தோம். அதை உருவாக்குவது சர்வர்; பயனர் அல்ல. 20 எழுத்துகள். ஒருமுறை காட்டப்படும், கருவியில் ஒட்டப்படும், பிறகு யாருக்கும் நினைவில் இருக்க வேண்டியதில்லை. கைப்பேசி தொலைந்தால் அந்தக் கருவியின் சொல்லை மட்டும் ரத்து செய்கிறோம். மடிக்கணினி அதே நிமிடத்தில் இயங்கிக்கொண்டிருக்கும். நள்ளிரவில் பேருந்து நிலையத்தில் கைப்பேசியைத் தொலைத்த ஒருவர், அடுத்த நாள் காலையில் மடிக்கணினியில் வேலையைத் தொடர்ந்தார். இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் நிறைவு தந்த நாள் அது.

அனுப்புநர் முகவரிப் பொருத்தம் அடுத்தது. உள்நுழைந்தவர் தனக்குரிய முகவரியிலிருந்து மட்டுமே அனுப்பலாம் என்ற விதி அன்றே இருந்திருந்தால், ஸ்கேனர் கணக்கை வைத்துப் பிறருடைய பெயர்களில் ஒரு கடிதம்கூடப் போயிருக்காது. ஆனால் இதை இயக்கினால் பொது முகவரியிலிருந்து பதில் எழுதும் மூவரும், இயக்குநர் சார்பாக எழுதும் உதவியாளரும் அன்றே நின்றுபோவார்கள். இயக்குவதற்கு முன் இரண்டு மாதப் பதிவுகளை எடுத்து, யார் எந்த முகவரியில் எழுதுகிறார் என்று அட்டவணை போட்டேன். 60 பேர் நிறுவனத்தில் 14 விதிவிலக்குகள் கிடைத்தன. எல்லாமே நியாயமானவை.

அளவுக் கட்டுப்பாட்டில் ஒரு பொறி இருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸில் இயல்பாகவே உள்ள வரம்புகள் இணைக்கும் ஐபி முகவரியை வைத்து எண்ணுகின்றன. எங்களைத் தாக்கியவர்கள் நூற்றுக்கணக்கான முகவரிகளிலிருந்து, ஒவ்வொன்றிலும் சில அஞ்சல்கள் என்று அனுப்பினார்கள். முகவரியை எண்ணும் வரம்பு எத்தனை கண்டிப்பாக இருந்தாலும் அவர்களைத் தொட்டிருக்காது. உள்நுழைந்த பெயரை எண்ணும் தனிக் கொள்கைச் சேவை ஒன்றை இணைக்க வேண்டியிருந்தது. எங்கள் ஆட்களில் மிக அதிகமாக எழுதுபவர் ஒரு மணி நேரத்தில் எத்தனை பேருக்கு எழுதுகிறார் என்று பார்த்து, அதன் இரு மடங்கை வரம்பாக வைத்தேன். தாண்டினால் நிரந்தர மறுப்பு இல்லை. பிறகு முயலச் சொல்லும் தற்காலிக 450, கூடவே எனக்கு ஓர் எச்சரிக்கை.

ஃபெயில்2பேனின் வரம்பைக் குறைத்ததில் இன்னொரு பிழை செய்தேன். கடவுச்சொற்கள் மாறிய வாரத்தில், ஒரு கிளை அலுவலகம் முழுவதும் அஞ்சல் இல்லாமல் போனது. காரணம், ஒருவருடைய மேசை இழுப்பறையில் கிடந்த பழைய கைப்பேசி. அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை பழைய கடவுச்சொல்லோடு தட்டிக்கொண்டிருந்தது. அந்த அலுவலகம் முழுவதும் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் இருந்ததால் எல்லோருக்கும் தடை விழுந்தது. கைப்பேசி நெட்வொர்க்குகளில் இது இன்னும் மோசம்: முன்பின் தெரியாத ஆயிரம் பேர் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்ளலாம். டவ்காட்டில் தவறான கடவுச்சொல்லின் சுருக்கக் குறியை, முதல் சில எழுத்துகள் மட்டும், பதிவில் எழுதச் சொல்லும் வசதி உண்டு. ஒரே குறி திரும்பத் திரும்ப வந்தால் மறந்துபோன கருவி. ஒவ்வொரு முறையும் வேறு குறி வந்தால் யாரோ ஊகிக்கிறார்கள். முதல் வகைக்கு இப்போது தடை இல்லை, அந்தப் பயனருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு மட்டுமே. இரண்டாவது வகைக்கு உடனடித் தடை.

டொமைனின் பெயரில் யார் யார் எழுதுகிறார்கள்

எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் அன்றே கண்டிப்பாக இயக்கச் சொல்லி அழுத்தம் இருந்தது. எந்த சர்வர்கள் டொமைனின் பெயரில் அனுப்பலாம் என்ற பட்டியல் எஸ்பிஎஃப்; அஞ்சலில் இடும் கையொப்பம் டிகேஐஎம்; இவற்றில் தேறாத அஞ்சலை என்ன செய்வது என்ற அறிவிப்பு டிமார்க். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் பெருமளவில் அனுப்புபவர்களிடம் இவற்றைக் கேட்கத் தொடங்கியிருப்பதால் அந்த அவசரம் புரிகிறது. ஆனால் வரிசை முக்கியம். ‘எங்கள் சர்வரைத் தவிர வேறு எங்கிருந்தும் எங்கள் பெயரில் அஞ்சல் வராது’ என்று உலகுக்கு அறிவிப்பதற்கு முன், அது உண்மைதானா என்று தெரிந்துகொள்ள வேண்டும். வெளியூரில் இருப்பவர்கள் பல ஆண்டுகளாகத் தங்கள் வழியைத் தாங்களே கண்டுபிடித்துக்கொண்டவர்கள்.

டிகேஐஎம் கையொப்பத்தை முதலில் இயக்கினேன். அதனால் யாருக்கும் எதுவும் உடையாது. பிறகு டிமார்க்கை ‘நடவடிக்கை வேண்டாம், அறிக்கை மட்டும்’ என்ற நிலையில் வெளியிட்டேன். பெரிய அஞ்சல் நிறுவனங்கள் நாள்தோறும் தொகுப்பறிக்கைகளை அனுப்பத் தொடங்கின: எந்த முகவரியிலிருந்து எங்கள் டொமைன் பெயரில் எத்தனை அஞ்சல் வந்தது, சோதனையில் தேறியதா இல்லையா. மூன்றாவது வாரத்தில், ஓர் இணையச் சேவை நிறுவனத்தின் சர்வரிலிருந்து நாளுக்கு ஐந்தாறு கடிதங்கள் எங்கள் பெயரில் போவது தெரிந்தது. விசாரித்தால், அவற்றை அனுப்பியவர் எங்கள் கணக்குப் பிரிவு ஊழியர். பல ஆண்டுகளுக்கு முன் வீட்டிலிருந்து எங்கள் சர்வர் வழியாக அனுப்ப முடியாதபோது, தன் இணைய நிறுவனத்தின் சர்வரை அமைத்துக்கொண்டவர். உதவி கேட்டபோது யாரும் பதில் சொல்லவில்லை என்றார். அன்றே கண்டிப்பு நிலையை அறிவித்திருந்தால், விலைப்பட்டியல்களோடு போகும் அவருடைய கடிதங்கள் ஒன்றும் சொல்லாமல் காணாமல் போயிருக்கும். அவரை 465க்குக் கொண்டுவர ஏழு நிமிடம் ஆனது.

எட்டு வாரம் அறிக்கைகளைப் படித்து, தெரியாத முகவரி ஒன்றும் மிச்சமில்லை என்றான பிறகே ‘தனிமைப்படுத்து’ நிலைக்கும், பின்னர் ‘நிராகரி’ நிலைக்கும் நகர்ந்தேன். எஸ்பிஎஃப் பதிவை எழுதும்போது டிஎன்எஸ் தேடல்கள் 10ஐத் தாண்டக் கூடாது என்ற வரம்பையும் கவனித்தேன். கைவிட்ட சேவைகள் இரண்டின் பெயர் அதில் இன்னும் இருந்தது.

தடைப்பட்டியல்களிலிருந்து நீக்கக் கேட்டது இதற்கெல்லாம் முன்பே, ஸ்கேனர் கணக்கு மூடப்பட்டு 25இல் உள்நுழைவு அணைந்த மூன்றாம் நாள். என்ன நடந்தது, என்ன மாற்றினோம் என்று நான்கு வரியில் எழுதினேன். இரண்டிலிருந்தும் வெளியே வந்துவிட்டோம். ஒரு பெரிய அஞ்சல் நிறுவனம் மட்டும் அடுத்த மூன்று வாரம் எங்கள் கடிதங்களைத் தாமதப்படுத்தியது. இழந்த நற்பெயர் திரும்ப அவ்வளவு நாள் பிடித்தது.

ஸ்கேனர் இயந்திரம் இன்னும் அதே மூலையில் நிற்கிறது. டிஎல்எஸ் 1.2 அதற்குத் தெரியாது. புதிய விதிகளின்படி எந்தப் பயனர் போர்ட்டுக்கும் அது வர முடியாது. அதற்காக விதியைத் தளர்த்தவில்லை. சர்வரின் அலுவலக நெட்வொர்க் முகவரியில் மட்டும் கேட்கும் தனி வாசல் ஒன்றை அமைத்தேன். அந்த ஓர் இயந்திரத்தின் முகவரியிலிருந்து மட்டும், எங்கள் டொமைனுக்குள் மட்டும், கடவுச்சொல் இல்லாமல் அனுப்பலாம். கணக்கே கிடையாது என்பதால் திருடவும் ஒன்றுமில்லை. அமைப்புக் கோப்பில் அந்த வரிக்கு மேலே ‘தற்காலிகம்’ என்று எழுதவில்லை. யாருக்காக, எதற்காக, எந்த நாளில் மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். அந்த நாள் என் நாட்காட்டியிலும் இருக்கிறது.

ஸ்கேனர் என்ற பெயரில் இன்றும் இரவுதோறும் முயற்சிகள் வருகின்றன. நேற்றைய பதிவில் 212. ஒவ்வொன்றுக்கும் எதிரே 535: உள்நுழைவு மறுப்பு.